டாவி வால்வுக்குத் தொடையா, தோளா, கழுத்தா? ராமநாதபுரம் கரையோரக் குடும்பங்களுக்காக ஒரு மதிப்பீடு

நெஞ்சைப் பிளக்காமல் இதயத்தின் பெருந்தமனி வால்வை மாற்றும் டாவி சிகிச்சைக்காகப் பாம்பன், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி பக்கத்திலிருந்து மதுரைக்குப் போகிறவர்கள் வால்வைப் பற்றித்தான் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். எந்தக் கம்பெனி, எத்தனை வருஷம் உழைக்கும், எவ்வளவு ஆகும் என்றெல்லாம் கேட்கிறார்கள். அந்த வால்வு எந்த வழியாக இதயத்துக்குப் போகப்போகிறது என்பதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. சிகிச்சைக்குப் பிறகு முதல் இரண்டு நாளில் வரும் ரத்தக்கசிவு, தொடை வீக்கம், கால் சில்லிட்டுப்போவது எல்லாம் பெரும்பாலும் அந்த வழியில்தான் தொடங்குகின்றன. அதனால் இங்கே மதிப்பிடுவது வழிகளையும், வால்வுக்கு வழிவிட அவற்றில் நுழைக்கும் சீத் எனும் உறைக்குழாய்களையும், கடைசியில் துளையை அடைக்கும் கருவிகளையும்தான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தொடை வழிக்கு அளவு ஒத்துவந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். ஒத்துவராவிட்டால், தோளடியில் அக்குள் வழியோ கழுத்து வழியோ அடிக்கடி செய்து பழகிய குழுவிடம் போக வேண்டும். விலா எலும்பு இடைவெளி வழி கடைசிப் புகலிடம். இவை எல்லாவற்றையும் விட மோசமானது ஒன்று உண்டு: ஒத்துவராத தொடைக்குள் எப்படியாவது நுழைத்துவிடலாம் என்று முயல்வது.

பிரான்சில் ரூவான் நகரில் ஆலன் கிரிபியே 2002 ஏப்ரலில் முதல் டாவியைச் செய்தபோது தொடையின் சிரை வழியாகப் போய், இதயத்தின் நடுச்சுவரைக் கடந்து வால்வை வைத்தார். பிறகு தமனி வழி வந்தது. ஆரம்ப வருடங்களில் சீத் 22, 24 பிரெஞ்ச் பருமன். ஒரு பிரெஞ்ச் என்றால் மி.மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது 24 பிரெஞ்சுக்கு உள்விட்டமே 8 மி.மீ. இன்று 14 பிரெஞ்ச் வழக்கமாகிவிட்டது. உலகம் முழுக்க 100 பேரில் 90 பேருக்கு மேல் தொடை வழியில் முடிவதற்கு இந்த மெலிவுதான் முதல் காரணம்.

சிடி ஸ்கேனில் பார்க்க வேண்டியது

வழி தீர்மானமாவது சிகிச்சை நடக்கும் கேத் லேபில் இல்லை, சிடி அறையில். டாவிக்கான சிடி இரண்டு பகுதி. முதலாவது, இதயத்துடிப்போடு இசிஜி இணைத்து எடுக்கும் வால்வுப் பகுதி. இரண்டாவது, பெருந்தமனி முழுவதும், இடுப்புத் தமனிகள், தொடைத் தமனிகள் வரை. படத் துண்டு 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லியதாக இருக்க வேண்டும். நெஞ்சுப் பகுதியோடு நிறுத்திவிட்ட சிடியை வைத்துக்கொண்டு வழியைப் பற்றி யாரும் பேச முடியாது. திரும்பச் சாய மருந்து ஏற்றி எடுக்க வேண்டிவரும், சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை. ராமநாதபுரத்திலேயே சிடி எடுத்துக்கொண்டு போகலாம் என்று நினைப்பவர்கள், போகப்போகும் மருத்துவமனையின் டாவி நெறிமுறையைக் கேட்டு வாங்கி, ஸ்கேன் மையத்தில் கொடுத்து எடுப்பது நல்லது. பிலிமும் எழுத்து ரிப்போர்ட்டும் போதாது. ஸ்கேன் படங்களின் மூலக் கோப்பான டைகாம் முழுவதும் வட்டிலோ பென் டிரைவிலோ கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் அளவெடுக்கிறவர் வளைந்த குழாயை நிமிர்த்திப் பார்த்து, குறுக்கு வெட்டில்தான் அளப்பார்.

அந்த அளவுகளில் நான்கு விஷயம் முக்கியம்: குறைந்தபட்ச உள்விட்டம், சுவரில் படிந்த கால்சியம், வளைவு, தொடைத் தமனி இரண்டாகப் பிரியும் உயரம். விட்டம் மட்டும் எழுதி அனுப்பும் ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்தான்.

விட்டத்தை எடுத்துக்கொள்வோம். பலூனால் விரிக்கும் சேப்பியன் 3 வால்வுக்கான விரியும் சீத், 20, 23, 26 மி.மீ. வால்வுகளுக்கு 14 பிரெஞ்ச். 29-க்கு 16 பிரெஞ்ச். கம்பெனி சொல்லும் குறைந்தபட்சத் தமனி விட்டம் முறையே 5.5, 6.0 மி.மீ. ஆனால் 14 பிரெஞ்ச் சீத்தின் வெளிவிட்டம் விரியாத நிலையிலேயே 6.0 மி.மீ. 2011-ல் வெளியான ஹயாஷிடா ஆய்வு, சீத் வெளிவிட்டத்தைத் தமனி உள்விட்டத்தால் வகுத்தால் 1.05-ஐத் தாண்டும்போது ரத்தக்குழாய்ச் சிக்கல் கூடுகிறது என்று காட்டியது. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள்: 6.0-ஐ 5.5-ஆல் வகுத்தால் 1.09. கம்பெனியின் குறைந்தபட்ச அளவே அந்தக் கோட்டைத் தாண்டித்தான் நிற்கிறது. கால்சியம் இல்லாத, நெகிழ்வான தமனி இந்த நெருக்கத்தைத் தாங்கும். சுற்றிலும் சுண்ணாம்பு படிந்த தமனி தாங்காது, கிழியும். ஆகவே 5.5 மி.மீ. சுத்தமான குழாய்க்குச் சரி என்றால், குதிரை லாட வடிவில் கால்சியம் சூழ்ந்த குழாய்க்கு 6.5 இருந்தாலும் யோசிக்க வேண்டும். சின்ன உடல்வாகுள்ள மூதாட்டிகளுக்கு 6 மி.மீ.க்குக் கீழே வருவது அபூர்வம் இல்லை. அவர்களுக்கு இந்த வகுத்தல் கணக்கு கட்டாயம்.

வளைவு தனியாக இருந்தால் பயமில்லை. லுண்டர்குவிஸ்ட் மாதிரி விறைப்பான கம்பி உள்ளே போனால் வளைந்த இடுப்புத் தமனி நிமிர்ந்துகொள்ளும். வளைவும் கால்சியமும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால் நிமிராது. தள்ளத் தள்ளச் சுவர் மடிந்து உடையும்.

நம் கரைக்கு இன்னொரு சங்கதி உண்டு. பல வருஷம் பீடி குடித்தவருக்கும் சர்க்கரை உள்ளவருக்கும் கால் தமனி அடைப்பு சகஜம். வழக்கமாக நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். பெருந்தமனி வால்வு சுருங்கியவரோ கரையிலிருந்து வீடு வரைகூட மூச்சு வாங்காமல் நடக்க முடியாதவர். கால் வலிக்கும் தூரம்வரை அவர் நடப்பதே இல்லை. "எங்க அய்யாவுக்குக் கால்ல ஒரு கோளாறும் இல்ல சார்" என்று வீட்டார் சொல்வது உண்மையாகவே இருக்கும். தமனியின் நிலை அதற்கு நேர்மாறாக இருக்கலாம். பாதத்தில் நாடி பார்ப்பதோடு சிடி அளவும் வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியாட்டினின் கூடியிருந்தால் சாய மருந்து தவிர்க்கப் பார்ப்பார்கள். அப்போது மருந்தில்லாத சிடியில் கால்சியத்தையும், அல்ட்ராசவுண்டில் உள்விட்டத்தையும் தனித்தனியே பார்த்துச் சேர்க்கலாம். துல்லியம் சற்றுக் குறையும்.

சீத்துகள்

எவலூட் வகை, நிட்டினால் என்ற உலோகக் கலவையால் தானாக விரியும் வால்வு. தனி சீத் இல்லாமல் தன் உறையோடே உள்ளே போகும். எவலூட் ஆர் 23, 26, 29 அளவுகளுக்குத் தமனி 5.0 மி.மீ. இருந்தால் போதும் என்பது அதன் பெரிய பலம். 34 அளவுக்கு அவ்வளவு போதாது. மெலிந்த தமனிக்காரர்களுக்கு வால்வைத் தேர்வு செய்யும்போதே இந்த அரை மி.மீட்டரைக் கணக்கில் எடுக்கும் மருத்துவர் நல்ல மருத்துவர்.

குஜராத்தின் வாபியில் மெரில் தயாரிக்கும் மைவால் பலூனால் விரிக்கும் வகை. 20, 23, 26, 29-க்கு நடுவே 21.5, 24.5, 27.5 என்று இடை அளவுகளும், மேலே 30.5, 32-ம் உண்டு. எந்த அளவுக்கும் பைத்தான் என்ற 14 பிரெஞ்ச் விரியும் சீத்தே போதும். பெரிய வால்வு தேவைப்படும் ஆண்களுக்கு இது நிஜமான அனுகூலம். விரிக்காத வால்வை அதே சீத் வழியாகத் திரும்ப எடுக்க முடிவதும் நல்ல அம்சம். 2024-ல் லான்செட்டில் வந்த லேண்ட்மார்க் ஆய்வில் சேப்பியன், எவலூட் இரண்டும் சேர்ந்த தொகுதியோடு ஒப்பிட்டபோது மைவால் 30 நாள் முடிவுகளில் தாழ்ந்ததல்ல என்று தெரிந்தது. உள்நாட்டுச் சரக்கு என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை.

தொடைத் துளை: எங்கே குத்துவது, எப்படி அடைப்பது

எல்லாம் ஒரு விரலகல இடத்தில் தீர்மானமாகிறது. குத்த வேண்டியது பொதுத் தொடைத் தமனியின் முன்சுவரில், தொடை எலும்பின் தலைக்கு நேர் மேலே, தமனி இரண்டாகப் பிரியும் இடத்துக்கு மேலே, கவட்டைத் தசைநாருக்குக் கீழே. மேலே தவறினால் பின்னால் அழுத்திப் பிடிக்க எலும்பு இல்லை. ரத்தம் வயிற்றின் பின்பக்கம் சேரும், வெளியே ஒன்றும் தெரியாது. கீழே தவறினால் தமனிக்கு வெளியே ரத்தம் கட்டும் போலி வீக்கம், தமனிக்கும் சிரைக்கும் இடையே திறப்பு, கால் அடைப்பு. அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்து, 21 கேஜ் மெல்லிய ஊசியால் குத்துவதுதான் இன்றைய தரம். விரலால் நாடி தடவிக் குத்துவது 14 பிரெஞ்ச் துளைக்கு ஏற்ற முறை இல்லை. முன்சுவரில் கால்சியம் இருக்கிறதா என்பதும் அப்போதே கண்ணில் படும். இருந்தால் அரை சென்டிமீட்டர் மேலோ கீழோ நகர்த்தி, மென்மையான இடம் தேடிக் குத்துவார்கள்.

புரோகிளைட் தையல் கருவியைப் பெரிய சீத் போவதற்கு முன்பே வைத்துவிடுவதுதான் அதன் சூட்சுமம். துளை சின்னதாக இருக்கும்போதே முதல் கருவியைக் கம்பிமேல் ஏற்றி, சுமார் 30 பாகை இடப்பக்கம் சாய்த்து, கடிகாரத்தில் 10 மணி நிலையில் வைக்கிறார்கள். பக்கக் குழாயில் ரத்தம் பீச்சினால் கருவியின் பாதம் எனும் நுனிப் பகுதி தமனிக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். நெம்புகோலைத் தூக்கி, மெல்லப் பின்னிழுத்து, சுவரில் முட்டுவதை உணர்ந்த பிறகு ஊசிகளை அழுத்துகிறார்கள். நூல் வெளியே வருகிறது. முடிச்சை இறுக்காமல் கவ்வியால் பிடித்து ஓரமாக வைக்கிறார்கள். இரண்டாவது கருவி வலப்பக்கம், 2 மணி நிலையில். பிறகு பெரிய சீத், வால்வு, எல்லாம். முடிந்ததும் கம்பியை விட்டுவிடாமல், சீத்தை மட்டும் உருவி, இரண்டு சுருக்கையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளி இறுக்குகிறார்கள். கசிந்தால் கம்பி இன்னும் உள்ளே இருக்கிறது, மூன்றாவது கருவி போடலாம், அல்லது சீத்தையே திரும்ப ஏற்றலாம். கசிவு நின்றது என்று உறுதியான பிறகுதான் கம்பி வெளியே வர வேண்டும். அவசரத்தில் கம்பியை முன்னாலேயே எடுத்தால் கையில் இருந்த கடைசிப் பிடியும் போய்விடும்.

எங்கே தவறுகிறது? முன்சுவரில் கால்சியம் இருந்தால் ஊசி நூலைப் பிடிக்காது. பழைய அறுவைத் தழும்பு இருந்தால் முடிச்சு சுவர்வரை இறங்காமல் நடுவிலேயே நிற்கும். சில சமயம் ஊசி பின்சுவரையும் சேர்த்துத் தைத்துவிடும். அப்போது ரத்தக்கசிவு இல்லை, பாதத்தில் நாடியும் இல்லை. அதனால் மேசையிலிருந்து இறக்கும் முன் பாதத்து நாடியைப் பார்க்காத கேத் லேபுக்கு எங்கள் மதிப்பெண் குறைவு.

மான்டா, கொலாஜன் என்ற புரத அடைப்பானால் அடைக்கும் கருவி, 14, 18 பிரெஞ்ச் என இரண்டு அளவு. ஒரே கருவியில் வேலை முடிகிறது, வேகமானது. ஆனால் இரண்டையும் ஒப்பிட்ட சாய்ஸ்-குளோஷர் ஆய்வில் துளை இடத்துச் சிக்கல் மான்டாவுக்கு 19.4 சதவீதம், புரோகிளைடுக்கு 12 சதவீதம். மான்டா தவறினால் அடைப்பான் தமனிக்குள்ளேயே இறங்கி ஓட்டத்தை நிறுத்தக்கூடும், அப்போது அறுவைதான் வழி. கை பழகியவரிடம் இரண்டுமே நன்றாக வேலை செய்யும். தேர்வு நம் கையில் இருந்தால் புரோகிளைட் இரண்டு என்றுதான் சொல்வோம்.

முன்சுவர் முழுக்கக் கால்சியம் என்றால் 3 முதல் 5 செ.மீ. கீறித் தமனியைக் கண்ணால் பார்த்துச் செய்வதில் கேவலம் ஒன்றும் இல்லை. புண் ஆறுவது தாமதம், நிணநீர் கசியலாம். ஆனால் கிழிந்த பிறகு ஓடிவந்து திறப்பதைவிட நூறு மடங்கு மேல்.

இரண்டாவது துளை, சாய மருந்து செலுத்தும் மெல்லிய குழாய்க்கானது. இதை மறு தொடையில் போடாமல் மணிக்கட்டில் போட்டால் ரத்தக்கசிவு குறைகிறது. சின்ன விஷயம்தான், ஆனால் கேட்டு வாங்க வேண்டிய விஷயம்.

இடுப்புத் தமனியில் மட்டும் கால்சிய நெருக்கம் என்றால் தொடை வழியைக் கைவிடும் முன் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. ஷாக்வேவ் பலூனை அந்த இடத்தில் குறைந்த அழுத்தத்தில் ஊதி, ஒலி அலைகளால் சுவருக்குள் இருக்கும் கால்சியத்தில் விரிசல் உண்டாக்குகிறார்கள். குழாய் இளகி, சீத்துக்கு வழிவிடுகிறது. நெஞ்சுவழிக்குப் போக வேண்டியிருந்த பலரைத் தொடை வழிக்குத் திருப்பிய கருவி இது. செலவு தனி. மதிப்பீட்டுச் சீட்டில் இது சேர்ந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். அதோடு, குறைந்தது இரண்டு அடைப்புக் கருவி, கிழிந்தால் வைக்கும் உறையிட்ட ஸ்டென்ட் ஆகியவையும் தொகுப்பில் அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள். நள்ளிரவில் காசாளர் ஜன்னலில் நிற்கும் நிலை வராமலிருக்கும்.

தொடை ஒத்துவராதபோது

அக்குள் வழியில் பொதுவாக இடப்பக்கம் எடுப்பார்கள், பெருந்தமனிக்குப் போகும் கோணம் நேராக அமையும். அந்தத் தமனியில் கால்சியம் குறைவாகவே படியும், அது நல்லது. சுவர் மெல்லியது, கைக்குப் போகும் நரம்புக் கற்றை ஒட்டியே ஓடுகிறது; அது ஆபத்து. முன்பு பைபாஸ் செய்து, இடது மார்புத் தமனியை இதயத்தில் ஒட்டியவருக்கு இடப்பக்கச் சீத் அந்த ஓட்டத்தையே அடைக்கும், ஆகவே மிகுந்த யோசனை வேண்டும். பேஸ்மேக்கர் அதே பக்கம் இருந்தாலும் இடைஞ்சல். சேப்பியன் வகையில் வால்வைப் பலூன்மேல் பொருத்துவதற்குப் பெருந்தமனியில் நேரான இடம் தேவை. தோளிலிருந்து தூரம் குறைவு என்பதால் அந்த வேலை நெருக்கடியாகும்.

கழுத்து வழி என்றவுடன் வீட்டார் பதறுகிறார்கள். அறுவை நிபுணர் சிறு கீறலில் தமனியை வெளிக்கொணர்ந்து, கண்ணெதிரே குத்தி, கண்ணெதிரே தைக்கிறார். கட்டுப்பாடு முழுவதும் கையில். வால்வுக்கு நேரான குட்டை வழி, தள்ளும் குழாய் நடுங்காது. கவலை மூளைக்குப் போகும் ஓட்டம்தான். மறுபக்கக் கழுத்துத் தமனியும், பின்பக்கத் தமனிகளும் திறந்திருக்கின்றனவா என்று சிடியிலோ டாப்ளரிலோ பார்த்த பிறகே தொடங்க வேண்டும். பக்கவாத அபாயம் தொடை வழியைவிட மாற்று வழிகளில் கூடுதல் என்பதை மருத்துவர் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் கேட்க வேண்டும். இரண்டில் எது என்றால், குழு எதை அதிகம் செய்கிறதோ அது.

அடிவயிற்றில் பெருஞ்சிரையிலிருந்து பக்கத்துப் பெருந்தமனிக்குள் மின்னேற்றிய கம்பியால் துளைத்துப் போகும் வழி ஒன்று உண்டு. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 2013-ல் மனிதரில் முதன்முதலாகச் செய்யப்பட்டது. கேட்கத் திகிலாக இருந்தாலும் தர்க்கம் அருமையானது: பெருந்தமனியிலிருந்து கசியும் ரத்தம் சுற்றியுள்ள திசுவின் அழுத்தத்தைவிட அழுத்தம் குறைந்த சிரைக்குள் திரும்பிவிடுகிறது, வெளியே தேங்குவதில்லை. கடைசியில் நிட்டினால் அடைப்பானால் துளையை மூடுகிறார்கள். கால்சியம் இல்லாத ஜன்னல் சிடியில் தெரிய வேண்டும், கை தேர்ந்தவர் வேண்டும். பழக்கமில்லாத இடத்தில் முயலக் கூடாது.

இடது மார்பில் விலா இடுக்கைத் திறந்து இதய நுனி வழியாக நுழைவது ஒரு காலத்தில் வழக்கம். நுனித் தசை கிழிந்து ரத்தம் வருவதும், மூச்சு நோயாளிக்கு விலா வலியால் இருமக்கூட முடியாமல் நிமோனியா வருவதும் இதன் குறைகள். இப்போது அரிது. வேறு வழியே இல்லையென்றால் மட்டும்.

வீடு திரும்பும்போது

ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கி.மீ. இந்தத் தூரத்தைச் சிகிச்சைத் திட்டத்தில் சேர்த்தே யோசிக்க வேண்டும். துளைச் சிக்கல்களில் பெரும்பாலானவை முதல் இரண்டு நாளிலேயே தெரிந்துவிடும். டிஸ்சார்ஜ் ஆனதும் வண்டி ஏறாமல் இரண்டு இரவு நகரிலேயே தங்கிப் பிறகு புறப்படுவது எங்கள் உறுதியான பரிந்துரை. காரில் வரும்போது ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்திக் காலை நீட்டி நடக்கவிட வேண்டும்.

தொடை மடங்கும் வேலைகள்தான் முதல் ஒரு வாரத்துக்கு எதிரி. குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறை வேண்டாம், நாற்காலி வகைக் கம்மோடு வாடகைக்குக்கூடக் கிடைக்கும். தொழுகையை நாற்காலியில் அமர்ந்தே முடித்துக்கொள்ளலாம். தண்ணீர்க் குடம், வலைக்கட்டு, பாசி மூட்டை எதையும் தூக்க வேண்டாம். புண் மூடும்வரை கடலில் இறங்குவதும் அக்கினி தீர்த்தத்தில் முழுக்குப் போடுவதும் கூடாது. ஈரம் தங்கினால் சீழ் பிடிக்கும்.

தொடையில் எலுமிச்சை அளவு வீக்கம் துடித்தால், கால் சில்லிட்டு வெளிறினால், காய்ச்சலோடு புண் சிவந்தால் உடனே காட்ட வேண்டும். வெளியே எதுவும் தெரியாமல் இடுப்பின் பின்பக்கம் வலித்து, வியர்த்து, தலை சுற்றினால் அது உள்ரத்தக்கசிவாக இருக்கலாம். மயக்கம் வந்தால் இதயத் துடிப்பு தடைப்படுவதும் காரணமாகலாம். இந்த இரண்டிலும் மதுரைக்கே போவோம் என்று காத்திருக்காமல் 108-ஐ அழைத்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முதலில் போங்கள். அழுத்தத்தை நிலைநிறுத்தி, ஹீமோகுளோபின் பார்த்து, இசிஜி எடுத்து அனுப்பலாம்.

அங்கே இருக்கும் மருத்துவருக்கு டிஸ்சார்ஜ் சீட்டுதான் கண். அதில் எந்தப் பக்கத் தொடை, எத்தனை பிரெஞ்ச் சீத், எந்த அடைப்புக் கருவி எத்தனை, ஸ்டென்ட் உள்ளே விடப்பட்டதா, இரண்டாவது துளை எங்கே, ரத்தம் உறையாத மருந்து எது என்பதெல்லாம் எழுதியிருக்க வேண்டும். "டாவி செய்யப்பட்டது, நலமுடன் அனுப்பப்பட்டார்" என்ற இரண்டு வரியோடு சீட்டு கொடுத்தால் வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள், வார்டிலேயே நின்று எழுதி வாங்குங்கள். கொலாஜன் அடைப்பான் வைத்த இடத்தில் சில வாரங்களுக்கு மறுபடி ஊசி குத்தக் கூடாது. அடுத்த ஆஞ்சியோ செய்பவருக்கு அது தெரிய வேண்டும் என்றால் அந்தச் சீட்டைத் தவிர வேறு வழியில்லை.